குறுக்கே கட்டிய இலைகள்

அத்தியாயம் ஒன்பது

நரெல் வீட்டு விருந்துக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆளுக்கொரு தட்டு கொண்டுபோக வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உருளைக்கிழங்கு சாலட் செய்தேன். மகள் டீகன் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜீலாங்கிலிருந்து ஓஷன் குரோவ் வரை வந்தாள்.

விருந்து எதற்கென்று இருவருக்கும் தெரியும். மெல்போர்ன் நாளிதழ் ஒன்று, வெளிநாட்டு விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய பயண வலைப்பதிவுகள் என்று ஒரு வரிசை வெளியிட்டிருந்தது. அதில் நரெலின் பதிவுக்கு இரண்டாம் இடம்.

நரெல் என் கணவன் அங்கஸின் அக்கா. அங்கஸ் இப்போது இல்லை.

முந்தைய வாரங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்னொரு முறை சொல்லாமல் இன்றைய நாளுக்குள் நுழைய முடியாது. போன ஜூலை பள்ளி விடுமுறையில் நாங்கள் மூவரும் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுக்குப் போனோம். எந்தத் தீவு, எந்த விடுதி, எந்தக் கடற்கரை எல்லாமே நரெலின் பதிவைப் படித்து அங்கஸ் தேர்ந்தெடுத்தவை. அதில் ஒன்று லொனாலி குளம். கடலை ஒட்டிப் பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் முகப்பில், ஈச்ச ஓலை மாதிரி நீண்ட இரண்டு இலைகள் குறுக்கே கட்டியிருக்கும். 'இலை வாசல் உங்களை வரவேற்கும். ஊரார் விருந்தினருக்குச் சொல்லும் நல்வரவு அது' என்று நரெல் எழுதியிருந்தாள்.

அது நல்வரவு அல்ல. உள்ளே போகாதே என்று அர்த்தம். அந்த இலையைக் குறுக்கே கட்டிவிட்டால் அந்தத் தீவில் சின்னக் குழந்தைகூடத் தாண்டாது. நரெல் போன காலத்தில் மீன் பெருகட்டும் என்று கட்டியிருந்தார்களாம். பிறகு வந்த புயலில் குளத்தின் கடல்பக்கப் பாறை உடைந்தது. கடல் வற்றும் நேரத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் அந்த உடைப்பு வெளியே இழுத்தது. அதனால் மறுபடியும் கட்டினார்கள்.

அங்கஸ் இலைகளுக்கு நடுவே நின்று சிரித்தான். நான் அவனுடைய போனில் படம் எடுத்தேன். அவன் அதை அங்கிருந்தே அக்காவுக்கு அனுப்பிவிட்டு, குனிந்து உள்ளே போனான்.

உடலைக் கரைக்குக் கொண்டுவந்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. இலையை ஏன் தாண்டினீர்கள் என்று மட்டும் கேட்டார். நல்வரவு என்று படித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒரு வரியை நரெல் எடுத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்னொரு குடும்பம் அதைப் படித்துவிட்டுக் குனிந்து உள்ளே போகக் கூடாது. பல மாதங்களாகப் போனில் கேட்டேன். பார்க்கிறேன் என்றாள், இப்போது முடியாது என்றாள், பிறகு போனை எடுப்பதையே விட்டாள். அதனால்தான் அழைப்பு வந்ததும் நேரில் போனேன்.

கொல்லைப்புறத்தில் அவள் கணவன் வேய்ன் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இடுக்கியை உயர்த்தினான்.

"அட, கெஸ். வரமாட்டேன்னு பந்தயம் கட்டியிருந்தேன். தோத்துட்டேன்."

என் பெயர் கெரின். அந்த வீட்டில் கெஸ்.

கூட்டம் நிறையவே இருந்தது. அக்கம்பக்கத்தார், நரெலின் பதிவை விடாமல் படிக்கும் சில பெண்கள், அவளைத் தன் விடுதியில் தங்கவைக்க ஆசைப்படும் ஒரு முகவர். நரெல் புது வெள்ளைச் சட்டையில் எல்லோருக்கும் நடுவே நின்றாள். என்னைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக மற்றவர்களிடம், இவள்தான் அங்கஸின் மனைவி, பாவம் இன்னும் தேறவில்லை, ஏதாவது ஏடாகூடமாகப் பேசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். நான் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை.

டீகனின் கன்னத்தைத் தட்டினாள். டீகன் தரையைப் பார்த்தாள்.

பிறகு எல்லோரையும் கூடத்துக்குள் அழைத்தாள். பெரிய தொலைக்காட்சித் திரையில் அவளுடைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் புதிதாக ஒன்று செய்திருப்பதாகவும், குடும்பம் முழுக்க இருக்கும்போது காட்ட வேண்டுமென்று காத்திருந்ததாகவும் சொன்னாள். வேய்ன் பொத்தானை அழுத்தினான்.

திரை முழுக்க அங்கஸ் நின்றான். இலைகளுக்கு நடுவே. சிரித்துக்கொண்டு.

அதன்கீழ் தலைப்பு: 'என் தம்பி கடைசியாகச் சிரித்த இடம். லொனாலி போகிறவர்கள் அறியவேண்டியவை.' அதற்குக் கீழே விருந்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

நரெல் அதைத் தானே படித்துக் காட்டினாள். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது. தம்பி தண்ணீரை நேசித்தான், ஆனால் தண்ணீரை அவ்வளவாக அறியாதவன். ஆகவே நீச்சல் பழகாதவர்கள் கரையோரமாகவே நிற்கட்டும். இப்படிப் போயிற்று. இருபது வருடம் டார்கே கடற்கரையில் உயிர்காப்புக் குழுவில் இருந்தவனைப் பற்றி எழுதியது அது. அலைக்குள் போய் ஆட்களை இழுத்து வந்தவன் அவன்.

அவள் மேலும் கீழே நகர்த்தினாள். இலை வாசல் உங்களை வரவேற்கும் என்ற வரி இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு சாதாரண எழுத்தில் இருந்ததை இப்போது தடித்த எழுத்தாக்கியிருந்தாள்.

கூடத்தில் இரண்டு பேர் அழுதார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்து, நாங்களும் கட்டாயம் போகப்போகிறோம், அவருக்காக, என்றாள். நான் கையை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

பின்னாலேயே நரெல் வந்தாள். பாவ்லோவா என்ற முட்டைவெள்ளைக் கேக்குக்கு க்ரீம் அடிக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்க்காமலே பாத்திரத்தை எடுத்தாள்.

படத்தை நீக்கச் சொல்லவில்லை, அவனுக்கு நீந்தத் தெரியாது என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அந்த வரிக்குத்தான் ஜனங்க வராங்க, கெஸ். இலை வாசல்னு தேடிக்கிட்டு வராங்க. மே மாசம் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கிட்டுப் போறேன், தெரியுமில்ல?"

"குளத்துக்கா?"

"விடுதிக்கு. குளம் பக்கத்துலதானே இருக்கு. யார் எங்க போறாங்கன்னு நான் கையைப் பிடிச்சுக்கிட்டா நிக்க முடியும்?"

"நீ அந்தக் குளத்துல இறங்கவே இல்ல, ரெல்."

க்ரீம் அடிப்பது நின்றது.

"நீ போட்ட படம் எல்லாத்தையும் பார்த்தேன். ஒண்ணுகூட இலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து எடுத்தது இல்ல. தண்ணி இளஞ்சூடா இருக்கும்னு எழுதியிருக்க. வெளியிலேயே நின்னுக்கிட்டு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தன்னைக் கூட்டிப்போன படகுக்காரனிடம் அந்த இலை என்னவென்று கேட்டதாகவும், அவன் பதில் சொல்லாமல் சிரித்ததாகவும், படகு காத்திருந்ததால் திரும்பிவிட்டதாகவும் சொன்னாள். அன்றைக்கே இன்னும் மூன்று கடற்கரை பார்க்க வேண்டியிருந்ததாம்.

"அந்தச் சிரிப்பைத்தான் நல்வரவுன்னு எழுதினியா?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?" அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "இன்னிக்கு அந்த வரியை எடுத்தா என்ன அர்த்தம்? நேத்து வரைக்கும் தப்பா இருந்துச்சுன்னு அர்த்தம். என் தம்பியை நான்தான் கொன்னேன்னு நானே எழுதி ஒட்டணுமா? அவனுக்குச் சோறு ஊட்டினவ நான். உனக்கு முன்னாடி அவன் எனக்குச் சொந்தம்."

ஒரு கணம் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. இதைச் சொல்லியாக வேண்டும். அவள் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். முகம் மாறிவிட்டது.

"சரி, எடுத்துடறேன். ஆனா முழுசா எழுதுவேன். யார் தேதியை மாத்தினாங்கன்னும் எழுதுவேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். பதிவு எழுதுகிறவர்கள் இதைத் தூசி தட்டுவது என்பார்கள். பழைய கட்டுரையை எடுத்து, தலைப்பில் ஆண்டை மாற்றி, எங்காவது ஒரு வாக்கியம் சேர்த்து, மேலே புதுத் தேதி போட்டுவிடுவது. தேடுகிறவர்களுக்குப் பழசு கண்ணில் படாது, புதுசுதான் முதலில் வரும். அந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. போன ஆண்டு தூசி தட்டியது டீகன். விடுமுறையில் அத்தை வீட்டில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக. லொனாலியையும் அவள்தான் தட்டினாள்.

டீகன் அத்தைக்கு உதவிக்குப் போனது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அவள் கையில் போனது தெரியாது. அங்கஸ் பயணத்துக்குப் பதிவு செய்த மாலை என் நினைவில் இருக்கிறது. திரையை என் பக்கம் திருப்பி, பாரு, போன வாரம்தான் புதுப்பிச்சிருக்கா, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் என்றான்.

"அவ சின்னப் பொண்ணு," என்றேன்.

"அதேதான் நானும் சொல்றேன். சின்னப் பொண்ணு. ஊர் முழுக்கத் தெரியணுமா? யோசிச்சுக்கோ."

அப்போதுதான் வாசலில் டீகன் நிற்பதைப் பார்த்தேன். பனிக்கட்டி எடுக்க வந்திருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

நரெல் அவளைப் பார்த்து மென்மையாகச் சிரித்தாள்.

"வாடா கண்ணு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலயா நீ? நல்ல பொண்ணு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அத்தை சொன்னா, சொன்னபடி இருந்திருக்கா."

"எப்ப சொன்னே?" என்று நரெலிடம் கேட்டேன்.

"அப்பாவை அடக்கம் பண்ண அன்னிக்கு," என்றாள் டீகன். "பாத்ரூம்ல. நான் கையைக் கழுவிக்கிட்டு இருந்தேன். நீ மாத்தின தேதியைப் பார்த்துத்தான் உங்கப்பா போனான், ஆனா அத்தை உன்னைக் காட்டிக் கொடுக்கமாட்டேன்னு சொன்னாங்க."

பதினேழு வயதுப் பெண் ஏன் சாப்பிடவில்லை, ஏன் தூங்கவில்லை, ஏன் கடலை ஒட்டிய சாலையில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். துக்கம் என்றார்கள். நரெலிடமும் கேட்டேன். அவளும் துக்கம் என்றாள்.

நரெல் க்ரீமைப் பாவ்லோவாவின் மேல் வழித்து, பழத்துண்டுகளை அடுக்கினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். கூடத்தில் கைதட்டல் கேட்டது.

நாங்கள் பக்கவாட்டு வழியாக வெளியேறினோம். வேய்ன் பின்னால் ஓடிவந்தான். சமாதானம் பேச வருகிறான் என்று நினைத்தேன். கையில் என் சாலட் கிண்ணம்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடு, கெஸ். யாரும் தொடல."

லியோபோல்ட் ஊரைத் தாண்டியதும் டீகன் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாந்தி வருகிறதோ என்று ஓரம் கட்டினேன். அவள் இறங்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, அத்தையின் பதிவுக்குள் போய் நானே அந்த வரியை அழிக்கிறேன், எனக்குக் கடவுச்சொல் தெரியும் என்றாள். போட்டாள். திரும்பவும் போட்டாள். நரெல் அதை மாற்றியிருந்தாள். எங்களை விருந்துக்குக் கூப்பிட்டவள் அதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

பிறகு டீகன் கட்டுரைக்கு அடியில் வாசகர்கள் காலையிலிருந்து எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினாள். கண்ணீர், பூங்கொத்து, ஆறுதல். நடுவில் ஒன்றை எனக்குச் சத்தமாக வாசித்தாள். பெண்டிகோவிலிருந்து ஷோனா என்பவள் எழுதியது. வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறோம், பிள்ளைகளுக்கு ஆறு வயதும் ஒன்பது வயதும், இலை வாசலில் படம் எடுத்துவிட்டு குளத்தில் இறங்க வேண்டுமென்று துடிக்கிறார்கள், காலையில் போனால் நல்லதா?

அதற்கு நரெல் பதில் எழுதியிருந்தாள். 'எப்போது போனாலும் அழகுதான். எங்கள் அங்கஸை நினைத்துக்கொள்ளுங்கள்.'

டீகன் எழுதத் தொடங்கினாள். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தேன். முதல் வார்த்தையே அவள் பெயர்.

"பேர் வேண்டாம்," என்றேன். "அப்பா பேரு வேண்டாம், உன் பேரும் வேண்டாம். வெறுமனே எச்சரிக்கை மட்டும் போடு."

"பேரில்லாம எழுதினா யாரும்மா நம்புவாங்க? பொறாமைல எவளோ எழுதறான்னு நினைப்பாங்க."

"அவ எழுதினா எழுதட்டும். நான் போலீஸ்கிட்ட போறேன், பத்திரிகைக்காரங்ககிட்ட போறேன். நீ இதுல வராதே."

"வராம எங்கம்மா இருக்கேன்?"

போனைப் பிடுங்கினேன். உண்மையாகவே பிடுங்கினேன். அவள் கையை முறுக்கிக்கொண்டு திரும்பினாள். சீட் பெல்ட்டுக்குள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம், அம்மாவும் மகளும். கடைசியில் அவள்தான் சொன்னாள்:

"நீ என்னைக் காப்பாத்தறதுக்காக அந்தப் புள்ளைங்க போகட்டுமா? அத்தையும் இதைத்தானே பண்றாங்க, அவங்களைக் காப்பாத்திக்கறதுக்கு."

நான் கையை எடுத்துவிட்டேன்.

அவள் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள்:

'என் பெயர் டீகன். இறந்தவர் என் அப்பா. போன ஆண்டு இந்தக் கட்டுரையின் தேதியை மாற்றியது நான்தான். எதையும் சரிபார்க்காமல் மாற்றினேன். அதை நம்பித்தான் அப்பா போனார். குறுக்கே கட்டிய இலைகளுக்கு நல்வரவு என்று அர்த்தமில்லை. உள்ளே போகாதே என்று அர்த்தம். குளத்தின் பாறை உடைந்திருக்கிறது. ஷோனா, தயவுசெய்து பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.'

அனுப்பினாள். பதிவின் உரிமையாளர் பார்த்த பிறகே உங்கள் கருத்து வெளியாகும் என்று திரையில் வந்தது.

உரிமையாளர் இந்நேரம் பாவ்லோவா வெட்டிக்கொண்டிருப்பாள். அவள் இதை வெளியிடப் போவதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. டீகன் எழுதியும் ஆயிற்று, அவள் பெயர் ஊர் வாயில் விழவும் போவதில்லை. பெண்டிகோவில் ஷோனா என்ற பெண்ணை நாளை எப்படியாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வண்டியைக் கிளப்பினேன்.

"நில்லும்மா," என்றாள் டீகன். "போட்டுட்டாங்க."

நம்பாமல் எட்டிப் பார்த்தேன். அவள் பெயர் இருந்தது. இறந்தவர் என் அப்பா என்று இருந்தது. தேதியை மாற்றியது நான்தான், எதையும் சரிபார்க்காமல் மாற்றினேன், அதை நம்பித்தான் அப்பா போனார் என்று இருந்தது. அதோடு முடிந்திருந்தது. இலைகளைப் பற்றிய வரிகள் இல்லை. பாறை இல்லை. ஷோனாவிடம் சொன்னது இல்லை. வாசகர் எழுதியதை வெட்டவும் உரிமையாளரால் முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அதன்கீழ் நரெல் எழுதியிருந்தாள்: 'நீ சின்னப் பெண், கண்ணு. தெரியாமல் செய்தாய். குடும்பம் உன்னை மன்னித்துவிட்டது. அன்புடன், அத்தை.'

டீகன் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். மிச்ச வரிகள் வழியில் இருக்கின்றன, கொஞ்சம் பொறுத்தால் வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தவள் போல. லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் எங்கள் வண்டி அசைந்தது. நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

பிறகு விரல் நின்றது.

"அத்தை மன்னிச்சதுக்கு யாரோ இதயம் போட்டிருக்காங்கம்மா," என்றாள்.

யார் என்று கேட்டேன்.

"ஷோனா."